சிம்னிக்கு அந்தப் பக்கம்

நவம்பர் 12, செவ்வாய்

மழை விட்டது, மூட்டம் பிடித்துக்கொண்டது. காலையில் கதவைத் திறந்தால் குன்னூரை யாரோ பஞ்சில் பொதிந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருக்கிறது. வாசலில் நிற்கிற ரோஜாச் செடி தெரியவில்லை. இவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இனி தினமும் சிம்னியில் நெருப்புப் போட வேண்டும்.

கதைப்புத்தகங்களில் கணப்பு என்று எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் நெருப்பு எரிகிற இடமும் சிம்னிதான், புகை போகிற பாதையும் சிம்னிதான். வெள்ளைக்காரன் கட்டிய பழைய வீடு. மாமா, இவருடைய அப்பா, சாயர்புரத்திலிருந்து தேயிலை பேக்டரிக்குக் கிளார்க்காக மலையேறி வந்து வாங்கினார்கள். மாமா போன பிறகு நடுவில் சுவர் எழுப்பிப் பாகம் பிரித்தாயிற்று. இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் இவருடைய அண்ணன். அண்ணன் போன வருஷம் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்கள். இப்போது அங்கே அண்ணனின் மனைவி தங்கபுஷ்பம் மட்டும்.

எல்லாவற்றையும் பிரித்தவர்களால் சிம்னியைப் பிரிக்க முடியவில்லை. முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு கணப்பு, கூரைக்கு மேலே ஒரே தூண்.

பாகம் பிரித்த அன்று தங்கபுஷ்பமும் நானும், இனி ஒருத்தி முகத்தில் ஒருத்தி முழிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டோம். யார் முதலில் சொன்னது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்ன சொல். இதுநாள்வரை மீறவில்லை. கோயிலில் ஞாயிறு ஆராதனையில் தூணுக்குப் பின்னால் உட்காருவேன். அண்ணன் அடக்கத்தன்றுகூட முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

செலவு: விறகு ஒரு கட்டு, மண்ணெண்ணெய், இவருக்குக் கம்பளிக் காலுறை.

நவம்பர் 15, வெள்ளி

சாயங்காலம் நெருப்பின் முன்னால் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன். கண் செருகியது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. சிம்னிக்குள்ளிருந்து ஒரு நாதம் இறங்கி வந்தது. ஒரே ஒரு சுரம், தேன் வடிவதுபோல நீளமாக. நெருப்புத்தான் பாடுகிறது என்று நினைத்தேன். அறை முழுக்க அது மெதுவாக நிரம்பியது. பின்னுகிற ஊசி கையிலேயே நின்றுவிட்டது. பிறகு ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் மெல்லிசாக முனகிக்கொண்டே இருந்தது.

"அத்தான், ஏதாவது கேட்டுச்சா?" என்றேன்.

"தேத்தண்ணியா? கொண்டா" என்றார். பேக்டரியில் ரோலர் மிஷின் பக்கத்திலேயே நின்று நின்று இவர் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

நவம்பர் 16, சனி

மறுபடியும் அதே நாதம், அதே நேரம்.

அழுத்தின கட்டை மேலே எழும்பாமல் ஒட்டிக்கொண்டு முனகுகிற ஹார்மோனியம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அது மாமாவின் பெட்டி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், தடவித் தடவி நானே கற்றுக்கொண்டது அதில்தான். பாகத்தில் மூத்தவருக்கு என்று அந்தப் பக்கம் போயிற்று. அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்கள் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இதைப்பற்றி மேற்கொண்டு எழுதப்போவதில்லை.

நவம்பர் 18, திங்கள்

குடும்ப ஜெபத்தில் நான் ஜெபித்து முடித்தேன். இவர் ஆமென் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொரு ஆமென் கேட்டது. மேலே எங்கோ புகைக்குள்ளிருந்து, மெதுவாக.

மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. எரிகிற கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தூதர்கள் வீட்டுக்கு வந்ததை வேதத்தில் வாசித்திருக்கிறோம். குன்னூருக்கு வரக்கூடாதென்று இல்லையே.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று ஆமெனுக்குப் பிறகு ஒரு தும்மலும் வந்தது. இரண்டு தும்மல் சேர்ந்தாற்போல, கடைசியில் "யேசப்பா" என்று ஒரு இழுவை. அப்படித் தும்முகிறவர்களை எனக்குத் தெரியும்.

தூதன் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

முகத்தில் முழிப்பதில்லை என்றுதான் சொன்னது. ஜெபிப்பதில்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆண்டவரிடம் பேசுவதை அடுத்த அறையில் யார் கேட்டாலும் அதற்கு நான் பொறுப்பல்ல.

இன்று, "ஆண்டவரே, நாளைக்கு முனிசிபாலிட்டித் தண்ணீர் வராதென்று சொல்கிறார்கள். பிடித்து வைக்காதவர்களை நினைத்தருளும்" என்று ஜெபித்தேன். கொஞ்சம் சத்தமாக. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் குடங்கள் முட்டுகிற சத்தம் கேட்டது.

பிறகு சிம்னிக்குள்ளிருந்து இப்படி வந்தது: "ஆண்டவரே, தண்ணிச் செய்திக்குத் தோத்திரம். சில வீட்டுல குழம்பு அடிப்பிடிச்ச வாசனை வருது. அடுப்பப் பாக்காம ஜெபத்துக்கு உக்காருறவளுக்கு ஞானத்தக் குடும்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். உண்மைதான், புளிக்குழம்பு கரிந்துவிட்டது.

நவம்பர் 25, திங்கள்

ஜெபம் நீண்டுகொண்டே போகிறது. இவர் நடுவில் தூங்கிவிடுகிறார். நான் தையல்காரன் ரவிக்கையைக் கெடுத்ததை ஜெபித்தேன். அந்தப் பக்கம் கோயில் கொயரில் யாரோ சுதி விலகிப் பாடுவதை ஜெபித்தார்கள். யாரென்று இருவருக்கும் தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொன்னேன். அந்தப் பக்கமும் அப்படித்தான் சொன்னார்கள் என்று நினைக்கிறேன். சொல்லும்போது குரல் உடைந்தது.

படுத்த பிறகும் அந்தக் குரல் தலையணைக்குள் இருந்தது. சிம்னி ஒரு நீளமான காது என்றும், அதற்குள் நான் விறகுக் கூடையோடு ஏறிப் போகிறேன் என்றும் கனவு. ஏறினேன், ஏறினேன், மேலே வானம் வரவே இல்லை. ஒரு கதவு வந்தது.

நவம்பர் 28, வியாழன்

அந்தப் பக்கம் இருமல். ஜெபத்தின் நடுவில் ஆரம்பித்தது, முடியும்வரை விடவில்லை. இளவயதிலேயே இழுப்பு உள்ளவர்கள். ஆனால் நாங்கள் நெருப்பு மூட்டினால்தான் இருமல் வருகிறது, கட்டை தணிந்தால் தணிகிறது. இதை இன்றுதான் கவனித்தேன்.

"ஆண்டவரே, மூச்சு முட்டுகிற எல்லாரையும் ஆற்றும்" என்றேன்.

"ஆண்டவரே" என்று மூச்சு வாங்கியபடி பதில் வந்தது, "புகை போடுறவளுக்கு ஒரு நல்ல மேஸ்திரியக் காட்டும்."

நவம்பர் 30, சனி

ரஜாக் மேஸ்திரி வந்தார். ஏணி போட்டுக் கூரை மேல் ஏறி, நம் வீட்டுப் புகைக்குழாயிலிருந்து ஒரு பெரிய காக்கைக் கூட்டைத் தூக்கி எறிந்தார். குச்சி, கம்பி, யாருடையதோ ஒரு சிவப்பு ரிப்பன். ரோஜாச் செடிமேல் விழுந்து ஒரு தொட்டியைப்போல உட்கார்ந்துகொண்டது.

"காக்காதாம்மா எல்லாத்துக்கும் காரணம். இனி மேல ஒரு தகர மூடி வெச்சுட்டா மழையும் வராது, காக்காவும் வராது. பத்து வருசத்துக்கு நீங்க என்னைத் தேட மாட்டீங்க."

"நல்லாப் பாத்தீரா?"

"அம்மா, இந்தக் குன்னூர்ல நான் தலையை விடாத சிம்னி கிடையாதுங்க."

செலவு: மேஸ்திரி கூலி, தகர மூடி, மேஸ்திரிக்கு நாலு தடவை டீ.

டிசம்பர் 1, ஞாயிறு

கிறிஸ்துமஸை எதிர்நோக்குகிற அட்வெந்து முதல் ஞாயிறு. தூணுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன். அந்தப் பக்கத்து வரிசையில் ஓர் இடம் காலி.

சாயங்காலம் இருமல் அதிகம். ஆமென் வரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

விறகை மூட்டிவிட்டு வெளியே போய் நின்று பார்த்தேன். மூட்டத்தில் எது புகை, எது மேகம் என்று முதலில் தெரியவில்லை. வீடே மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. பிறகு தெரிந்தது. நம் குழாயின் மூடிக்கு அடியில் நூல்போல ஒரு புகை. அந்தப் பக்கத்துச் சன்னலிலிருந்துதான் பொதிபொதியாக வந்துகொண்டிருந்தது. அங்கே அவர்கள் நெருப்பே போடுவதில்லை. அது என் விறகின் புகை. யூக்கலிப்டஸ் வாசனை.

உள்ளே வந்து தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

"ஏளா, ஏன் அணைச்ச?" என்றார் இவர்.

"விறகு ஈரம்."

டிசம்பர் 5, வியாழன்

விறகு ஈரம்.

பால்காரம்மாவிடம் அந்தப் பக்கம் பால் வாங்கினார்களா என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஆவி பிடித்துக்கொண்டு வந்தார்களாம், பேச்சு வரவில்லையாம், கையால் ஜாடை காட்டி அரை லிட்டர் போதும் என்றார்களாம்.

செலவு: நீலகிரித் தைலம் இரண்டு பாட்டில். ஒன்று இவருக்கு.

டிசம்பர் 6, வெள்ளி

காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்த பாட்டிலைக் காணோம். காக்கை தைலம் எடுத்துப் போகாது.

டிசம்பர் 10, செவ்வாய்

நெருப்பில்லாத கணப்பின் முன்னால் குடும்ப ஜெபம். சாம்பல் வெள்ளையாக, ஆறிப்போன சோறுபோல இருக்கிறது. இரண்டு நாற்காலியையும் நெருக்கிப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் உட்கார்ந்தோம். நான் அச்சு முறுக்குக்கு மாவு கலக்கியதை ஜெபித்தேன், புதுப் பாட்டுப் புத்தகம் வந்ததை ஜெபித்தேன். அந்தப் பக்கம் ஒரு விசில் சத்தம்போல மூச்சு மட்டும். வருகிறது, போகிறது. சிம்னியோரம் முழங்கால் போட்டு அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இவர் எழுப்பியபோது நான் முழங்காலில்தான் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

டிசம்பர் 14, சனி

ரஜாக் மேஸ்திரியை மறுபடியும் வரச் சொன்னேன். இந்தத் தடவை கணப்புக்குள்ளேயே மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தார். வெளியே வரும்போது பற்கள் மட்டும்தான் வெள்ளை.

"அம்மா, பாவம் அந்தக் காக்கா மேல பழியப் போட்டுட்டேன். உள்ள ரெண்டு வீட்டுப் புகைப்பாதைக்கும் நடுவுல ஒத்தச் செங்கல் சுவர் இருந்திருக்கு. அது சரிஞ்சு ஓட்டையாக் கெடக்கு. உங்க புகை அந்தப் பாதைக்குத் தாவுது. அங்க நெருப்பு இல்லாததால மேல ஏற சூடு பத்தாம, அவங்க ரூமுக்குள்ள எறங்குது. நான் மேல மூடி போட்டது இன்னும் வினையாப் போச்சு."

"என்ன செய்யணும்?"

"மூடியக் கழட்டிரலாம். ஓட்டையை அடைச்சுரலாம். அரை நாள் வேலைங்க. அப்புறம் ஒரு பொட்டுப் புகை அந்தப் பக்கம் போகாது. புகை என்ன, சத்தங்கூடப் போகாது."

நான் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

"கிறிஸ்துமஸ் முடியட்டும்" என்றேன். நெருப்புத்தான் போடுவதில்லையே, என்ன அவசரம்.

டிசம்பர் 15, ஞாயிறு

இவரால் கோயிலுக்கு நடக்க முடியவில்லை. முழங்கால் பலாக்கொட்டைபோல உருண்டு பளபளக்கிறது. தைலம் தேய்த்துவிட்டேன்.

"விறகு இன்னுமா காயல?"

"இல்ல அத்தான்."

"ஏளா, எனக்குக் காதுதான் போச்சு. கண்ணு நல்லாத் தெரியுது. முன்னெல்லாம் கண்ண மூடி ஜெபிப்ப. இப்ப சிம்னிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு ஜெபிக்க. மூக்குல கரி."

முந்தானையால் மூக்கைத் துடைத்தேன். கரி இருந்தது.

"மதினி எப்படி இருக்காவ?" என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

இவர் சிரித்துக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டிசம்பர் 17, செவ்வாய்

குரல் திரும்பிவிட்டது. மெல்லிசாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல.

"ஆண்டவரே, இந்தக் குளிர்ல ஒரு வீட்டுல நெருப்பு எரியல. அங்க ஒரு மனுசனுக்கு முட்டு வீங்கிக் கிடக்கும். எங்க வீட்டுக்காரருக்கும் அவருக்கும் அப்படித்தான், அம்மா வழியில வந்த சீக்கு. அவருக்கு நெருப்பு மூட்டச் சொல்லும். நான் சன்னலத் திறந்து வச்சுக்கிடுதேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. ஆமென்."

நான் ஆமென் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஜெபத்துக்கு நானும் சம்மதித்ததாகிவிடும். அந்தப் பக்கம் காத்திருந்தார்கள். நானும் வாயை இறுக்கிக்கொண்டே இருந்தேன். சாம்பலுக்குள் இல்லாத நெருப்பு கண்ணில் எரிந்தது.

காலையில் மேஸ்திரிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

டிசம்பர் 19, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

ரஜாக் மேஸ்திரி தகர மூடியைக் கழற்றினார். பிறகு சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துக் கணப்புக்குள் சாய்த்து வைத்தார். "நான் அந்தப் பக்கம் போயி டார்ச் அடிக்கிறேன். வெளிச்சம் எதுவரைக்கும் தெரியுதுன்னு கண்ணாடியில பாத்துச் சொல்லுங்க. ஓட்டை எம்மாம் பெருசுன்னு தெரியணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் முழங்கால் போட்டுக் குனிந்தேன். முதலில் இருட்டு. கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல. கரித்தூள் ஒன்றிரண்டு மிதந்து இறங்கியது. பிறகு மஞ்சளாக வெளிச்சம் பரவியது. செங்கல் பெயர்ந்த ஓட்டை தெரிந்தது. ஓட்டைக்குள் ஒரு முகம். தலை முழுக்க நரை, கன்னம் ஒட்டி, ஒரு பக்கம் கரி அப்பிக்கிடந்தது. நான் இவ்வளவு கிழவியாகிவிட்டேனா என்று நினைத்தேன். கன்னத்தைத் துடைத்துக்கொண்டேன். கண்ணாடிக்குள் இருந்தவள் துடைக்கவில்லை.

நான் வாய் திறக்கவில்லை. அந்த வாய் திறந்தது.

"என்னட்டி, இப்படி நரைச்சுப் போயிட்ட?"

"கண்ணாடியில பாத்தது கணக்குல சேராது" என்றேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்களிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"சேராது, சேராது. வேதப்புத்தகத்துல கை வச்சவ நீதான. எனக்கு ஒரு கணக்கும் இல்ல."

"ரெண்டு பேருந்தான் சொன்னோம்."

"நான் எங்கட்டி சொன்னேன்? நான் வாயடைச்சுப்போயில்லா நின்னேன்."

அவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் இதை எழுதியிருக்கிறேன்.

"அம்மா, பேட்டரி தீருது" என்று மேஸ்திரியின் குரல் கேட்டது. "அடைக்கவா, வேண்டாமா? யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க."

கண்ணாடிக்குள் அந்த முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மூச்சு விசிலடிப்பது இத்தனை கிட்டத்தில் கேட்டது. நான் கண்ணை மூடினேன்.

"ஆண்டவரே..."

"ஏட்டி எப்சிபா. அவரு இத்தன நாளா நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு களைச்சுப் போயிருப்பாரு. அவரக் கொஞ்சம் உக்கார விடு. எங்கிட்டச் சொல்லு."

கண்ணைத் திறந்தேன்.

"அடைச்சிரச் சொல்லுங்கக்கா. உங்களுக்கு இழுக்குது."

"அடைச்சா ஒண்ணும் கேக்காதே."

"கேக்காது."

பிறகு அவர்கள், ஏதோ கடைச் சாமான் விசாரிப்பதுபோல, "அந்த ஆர்மோனியத்துல ஒரு கட்டை ஒட்டிக்கிட்டே கிடக்கு. அமுக்குனா வர மாட்டேங்குது" என்றார்கள்.

"குளிருக்கு ஊதிரும். மேப்பலகையத் தூக்குனா உள்ள ஒரு பொடி ஆணி இருக்கும், அத லேசா நெம்பிவிட்டா..."

"எனக்கு ஆணியும் தெரியாது, கோணியும் தெரியாது. ஒரு மாசமா அந்த ஒத்தக் கட்டையத்தான அமுக்கிக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சவ வந்து பாக்கட்டும்."

மேஸ்திரி சாந்து குழைத்தார். நான் கண்ணாடியை எடுக்கவில்லை. செங்கல் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. முதலில் தாடை மறைந்தது. பிறகு வாய். அப்புறம் மூக்கு. கண்கள் மட்டும் மிச்சம் இருந்தபோது அவை சுருங்கின. சிரித்தார்களோ, சாந்துத் தூள் விழுந்ததோ. கடைசிச் செங்கல்.

பிறகு கண்ணாடியில் நான்தான் இருந்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

சாந்து காய்கிறது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. சிம்னியில் காதை வைத்துப் பார்த்தேன். செங்கல் குளிர்ந்திருந்தது.

பத்து மணிக்கு அச்சு முறுக்கு டின்னை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினேன். மூட்டம். என் கை எனக்குத் தெரியவில்லை. டின் தானாகவே முன்னால் மிதந்து போகிறது, நான் பின்னால் போகிறேன் என்பதுபோல இருந்தது. எங்கள் கேட்டிலிருந்து அந்தக் கேட்டுக்கு எத்தனை தூரம் என்று மறந்துபோயிருந்தது. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். சுவர் முடிந்த இடத்தில் நின்றேன்.

முன்னால் யாரோ இருமினார்கள்.

"யாரது?"

"நாந்தான்."

"நான்னா?"

"எப்சிபா."

"எதுக்கு இங்க நிக்க?"

"நீங்க எதுக்கு இந்த மூட்டத்துல வெளிய வந்திய, இழுப்ப வச்சுக்கிட்டு?"

"பாலுக்கு வந்தேன்."

பால்காரம்மா எட்டு மணிக்கே வந்துவிட்டுப் போனது இருவருக்கும் தெரியும்.

முகம் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. தைல வாசனை அடிக்கிற கை. டின்னைப் பிடிக்குமென்று நீட்டினேன். அது என் மணிக்கட்டைப் பிடித்தது. அப்படியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொன்னதற்கு ஒருநாள் நான் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

மேஸ்திரி சொன்ன பிரகாரம் சாந்து காய்ந்ததும் நெருப்பு மூட்டினேன். வெளியே போய்ப் பார்த்தேன். நம் குழாயிலிருந்து புகை நேராக ஏறி வானத்தில் கலந்தது. அந்தப் பக்கத்துச் சன்னல் சுத்தமாக இருந்தது.

இவர் காலை நீட்டிக்கொண்டு நெருப்பின் பக்கம் உட்கார்ந்தார். குடும்ப ஜெபத்துக்கு மூன்று நாற்காலி போட்டேன். அக்கா ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள். தையல்காரன், கொயர், பால் விலை, அண்ணனுடைய கடைசி நாட்கள், அந்த ஆணியை நான் நெம்பிய லட்சணம், எல்லாம் பேசி முடிந்தபோது மணி ஏழு.

ஜெபிக்க முழங்கால் போட்டேன். கண்ணை மூடினேன். ஆண்டவரிடம் சொல்வதற்கு என்று எதுவும் மிச்சமில்லை. தோத்திரம் என்றேன். ஆமென் என்றேன். பக்கத்தில் அக்கா ஆமென் என்றார்கள், பிறகு தும்மினார்கள்.

இவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்னளா, அதுக்குள்ளயா முடிஞ்சிட்டு?"